தூண்டில் கடை முகவரி

துலூத் துறைமுகம் உறைந்தால்
ஏப்ரல் வரை வாய் திறக்காது.
அதன் கரையில், தூண்டில் கடைக்கு மேல்மாடியில்
டொமைன் பெயர்கள் விற்றுக்கொண்டிருந்தோம்
ரெய்னோ கங்காஸும் நானும்.

வாங்குகிறவர்
பெயர், தெரு, ஊர், தொலைபேசி எண் தரவேண்டும்.
யார் கேட்டாலும் நாங்கள் அதைக் காட்டவேண்டும்.
விதி அப்படி.
தப்பிக்க ஒரு கட்டம் வைத்திருந்தோம்:
மறை. ஆம், அல்லது இல்லை.
ரெய்னோ அதற்குக் காசு வாங்கியதில்லை.

இரண்டாயிரத்து ஆறு, நவம்பரில்
ஆர்டிஸ் ஓஸ்ட்பி கூப்பிட்டாள்.
இரவில் ஆந்தைக் குரல்களைப் பதிவு செய்கிறாளாம்,
அவற்றை வைக்க ஒரு பெயர் வேண்டுமாம்.
பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோலப்
பேசினாள்.
“வீடு தெரியக் கூடாது.”
ஏன் என்று ரெய்னோ கேட்கவில்லை.
மஞ்சள் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டினான்:
ஓஸ்ட்பி. யாருக்கும் கொடுக்காதே.
போலீஸ் என்று சொன்னாலும்.

பிறகு ரெய்னோவின் இதயம் மக்கர் செய்தது.
டெக்சாஸ்காரர்களுக்கு விற்றான்.
அவர்கள் ஏழே மாதத்தில் இன்னொருவருக்கு.
அந்த இன்னொருவரை நான் பார்த்ததே இல்லை.
அவர் கடிதங்களில் கையெழுத்து இருக்கும் இடத்தில்
ஒரு மலைப் படம் இருக்கும்.

பத்திரத்தில் எல்லாம் இருந்தது.
நாற்பத்தோராயிரம் வாடிக்கையாளர்கள்,
இரண்டு நாற்காலி, காபி மெஷின்,
நற்பெயர் என்று ஒரு வரி, அதற்கும் ஒரு தொகை.
மஞ்சள் தாள் இல்லை.

தரவை இடம் மாற்றியவன் நான்தான்.
எங்கள் அட்டவணையில் மறை என்றிருந்தது
அவர்கள் அட்டவணையில் வெளியிடு.
பெயர் பொருந்தாமல் கட்டம் காலியாகப் போய்ச் சேர்ந்தது.
மௌனம் சம்மதம் என்று
அந்த இயந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

பழைய எண் இன்னும் என் மேசையில்தான் அடித்தது.
“என் பெயரைத் தேடினேன். வீடு வருகிறது,” என்றாள்.
“எத்தனை நாளாய்?”
பதினொன்று.
அவள் கத்தவில்லை. ஏதோ ஜிப்பை இழுத்து மூடும் சத்தம்.
“மைக்கை எடுத்து வைக்கிறேன்,” என்றாள்.

அன்றே கட்டத்தை மூடினேன்.
அதற்குள் நகல் எடுக்கிறவர்கள் எடுத்திருப்பார்கள்.
தினம் ஒரு நகல், தேதிவாரியாக அடுக்கி
பழையது வேண்டுமா என்று விற்கிறவர்கள்.
ஊர்வாயை மூடத்தான் உலைமூடி இல்லை என்பார்கள்.
இதற்கு வாயே இல்லை, எதை மூடுவது?

பிறகு விதியை மீறினேன்.
அவள் வரிசையில்
கீழே இருக்கும் தூண்டில் கடையின் முகவரியை அடித்தேன்.
என்னை வேலையை விட்டு அனுப்பியது அதற்காக அல்ல,
செலவு குறைப்பாம்.
மாடியிலிருந்து பதினாறு படி இறங்கினேன்.
இப்போது புழு எண்ணிக் கொடுக்கிறேன்.

மார்ச்சில் ஒருவன் வந்தான்.
நல்ல கோட்டு. பூட்ஸில் பனி இல்லை,
வெகுநேரம் காரிலேயே இருந்திருக்கிறான்.
ஒரு அட்டையைத் திறந்து, நான் படிக்குமுன் மூடினான்.
“ஓஸ்ட்பி இங்கேதானே?”
அப்படி யாரும் இல்லை என்றேன்.
என் குரல் ஒழுங்காகத்தான் வந்தது, ஆச்சரியம்.
கூரையைப் பார்த்தான். படிக்கட்டைப் பார்த்தான்.
சும்மா போகக் கூச்சமோ என்னவோ,
ஒரு டஜன் உயிர்மீன் கேட்டான்.
தூண்டில் இல்லை அவனிடம்.
பையை வெளிப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.
சாயங்காலம் நான் கடை மூடும்போது
பன்னிரண்டும் கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தன.

பொய் முகவரிக்கு வந்தவன் இவன்.
உண்மையைக் காசு கொடுத்து வாங்கியவன்
இந்தக் கடைப் பக்கம் வரமாட்டான்.

சில இரவு அவள் ஆந்தைகளைத் திறந்து கேட்கிறேன்.
கடைசிப் பதிவு, அவள் கூப்பிட்டதற்கு முந்தின இரவு.
முடிவில் ஒரு கதவு, பிறகு காற்று.

பெயர் ஜூனில் காலாவதியாக வேண்டியது.
ஆகவில்லை. யாரோ புதுப்பித்திருக்கிறார்கள்.
யார், எங்கிருந்து என்று
ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

பார்க்கவில்லை.